ஆடு புலி ஆட்டத்திலிருந்து வீடியோ கேம் வரை



'வீடியோ கேம்' என்றதும் வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பது வழக்கம். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களால் குடும்பங்கள் பட்ட பாடு அப்படி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே அவற்றைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஆனால் கேம் ஆடுவது வேறு. கேம் செய்வது வேறு. அதைச் சொல்லிக்கொடுக்கப் போய் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில், மாமல்லபுரத்தை அடுத்த எங்கள் குப்பத்தில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் ஆறு பேர் வந்து நின்றார்கள். "அண்ணா, நீங்க கம்ப்யூட்டர்தானே படிக்கிறீங்க? எங்களுக்கு கேம் செய்யக் கத்துக்குடுங்க!" அப்போது எனக்கு 'சி புரோகிராமிங்'கில் அரியர். வெளியே சொல்லவில்லை. பழைய லேப்டாப்பைத் திறந்துவைத்து, வேரியபிள், லூப், அரே என்று நோட்டைப் பார்த்து ஒப்பித்தேன். மறுநாள் வந்தது இரண்டே பேர்!

அந்த வாரம் அரியர் ஃபீஸ் கட்டச் செங்கல்பட்டு போய்விட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் திரும்பினேன். வலை பின்னும் கொட்டகையில், சிமெண்டுத் தரையில் கரிக்கோடு போட்டு, தாத்தாமார் ஆடு புலி ஆடிக்கொண்டிருந்தார்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது யார் தெரியுமா? என்னிடம் வராமல் நின்ற அதே நாலு பேர்! பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

1. முதலில் விதி

லேப்டாப்பை மூடிவிட்டு, விதிகளைத் தாளில் எழுதச் சொன்னேன். புலி 3, ஆடு 15, புள்ளிகள் 23. ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆடாக வைப்பார். பதினைந்தையும் வைத்த பிறகே ஆடு நகரலாம். புலி, ஆட்டைத் தாண்டி அடுத்த காலிப் புள்ளியில் இறங்கினால் அந்த ஆடு வெட்டு. புலிகள் நகர முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி.

எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி? இங்கேதான் சண்டை வந்தது. ஒருவன் அஞ்சு என்றான், இன்னொருத்தி பத்து என்றாள். ஊருக்கு ஊர் ஒரு கணக்கு. 2022-இல் பூஞ்சேரியில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் ஞாபகம் இருக்கும். உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள் சண்டையில்லாமல் ஆடினார்கள். காரணம், செஸ் விதி எழுத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டரும் அப்படித்தான். எழுதாத விதி அதற்குத் தெரியாது.

2. பிறகு எண்

உச்சிப் புள்ளி 1. கீழே மூன்று வரிசையில் ஆறாறாக 2 முதல் 19 வரை. அடிவரிசை நான்கும் 20 முதல் 23. காலி 0, ஆடு 1, புலி 2. அவ்வளவுதான், பலகை முழுவதும் 23 எண்கள் கொண்ட பட்டியலாகிவிட்டது. நான் மனப்பாடம் செய்தும் ஏறாத 'அரே' இதுதான்! இதை ஸ்கிராட்ச் மென்பொருளில் செய்தோம். எம்.ஐ.டி. 2007-இல் வெளியிட்டது, இலவசம். கட்டளைகளைக் கட்டை அடுக்குவது போல அடுக்கினால் போதும். ஒன்று கவனம்: ஸ்கிராட்ச்சில் பட்டியல் 1-இல் தொடங்கும், சி-யில் அரே 0-இல் தொடங்கும்.

3. பிழையே வாத்தியார்

"அண்ணா, புலி வளைஞ்சு தாண்டுது!" என்று ஒருத்தி கத்தினாள். உச்சியில் இருந்த புலி, 3-இல் நின்ற ஆட்டைத் தாண்டி, நேரே 9-க்குப் போகாமல் பக்கவாட்டில் 2-இல் போய் உட்கார்ந்தது. 'பக்கத்துப் புள்ளிக்குப் பக்கத்துப் புள்ளி' என்று எழுதியிருந்தோம். 'நேர்கோட்டில்' என்று எழுதவில்லை.

எனக்கும் வழி தெரியவில்லை. வேறு வழியின்றி, "அண்ணனுக்கு இந்தப் பாடத்துலதான் அரியர்" என்று ஒப்புக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப நீங்களும் எங்ககூடவே கத்துக்குங்க" என்றாள். எல்லோருமாகத் தரையில் கல்லை வைத்து, செல்லுபடியாகும் ஒவ்வொரு தாண்டலையும் மூன்று எண்ணாக எழுதினோம்: 1, 3, 9 என்பது போல. புறப்படும் இடம், தாண்டும் இடம், இறங்கும் இடம். அந்த அட்டவணையில் இல்லாத தாண்டல் செல்லாது. புலி வழிக்கு வந்தது!

4. கடைசியில் சமநிலை

ஐந்து வெட்டு என்று வைத்தால் புலி சுலபமாக ஜெயித்தது. பத்து என்றால் ஆட்டின் கை ஓங்கியது. ஆடி ஆடிப் பார்த்து, எங்கள் ஆட்டத்துக்கு ஏழு என்று முடிவு செய்தோம். கேம் வடிவமைப்பில் பாதி வேலை இந்தச் சோதனைதான்.

நண்பர்களே, பெரிய கம்பெனிகளால்தான் இது முடியும் என்று நினைக்காதீர்கள். 1972-இல் அட்டாரியில் புதிதாகச் சேர்ந்த ஆலன் ஆல்கார்னுக்குப் பயிற்சிக்காகக் கொடுத்த வேலைதான் உலகப் புகழ் பெற்ற 'பாங்'. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் களமாக வைத்து, டொராண்டோவில் ஒரு சிறு குழு 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', மறு ஆண்டே பாஃப்டாவின் அறிமுக விருதைப் பெற்றது. அதில் முதல் வேலை என்ன தெரியுமா? இட்லி ஊற்றுவது!

அக்டோபர் தேர்வில் அரே கேள்வி வந்தது. வினாத்தாளில் எனக்குக் கரிக்கோடுதான் தெரிந்தது. அரியர் போயிற்று. உங்கள் தெருவிலும் ஆறு பிள்ளைகள் இருப்பார்கள். இந்த விடுமுறையில் ஒரு கரித்துண்டோடு உட்கார்ந்து பாருங்கள்.

– இறுதியாண்டு மாணவன், கணினிப் பொறியியல்