டிசையரஸ்: ஆசை யாருக்கு?

நம்பிக்கை: டிசையரஸ், டிசையரபிள் இரண்டும் ஒன்றுதான்.

எதிர்வீட்டுப் பையன் தன் வேலை விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டினான். முதல் வரியே ‘ஐ ஆம் டிசையரபிள்’. வேலையில் சேர விருப்பம் என்று சொல்ல வந்தவன், ‘என்னைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்’ என்று எழுதி வைத்திருக்கிறான். “இதுல என்ன தப்பு மாமா?” என்றான். அவன் அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்ததால் மெதுவாகத்தான் விளக்க வேண்டியிருந்தது.

உண்மை: டிசையரஸ் என்றால் விருப்பம் உள்ளவர், டிசையரபிள் என்றால் விரும்பத்தக்கது. அரசு வேலை விளம்பரங்களில் ‘எசென்ஷியல்’ தகுதிக்குக் கீழே ‘டிசையரபிள்’ தகுதி என்று ஒரு வரி வருமே, அதை நினைத்துக்கொண்டால் போதும். இருந்தே தீர வேண்டும் என்பதில்லை, இருந்தால் நல்லது. அந்தத் தகுதி எதற்கும் ஆசைப்படுவதில்லை. ஆள் எடுப்பவர்கள்தான் அதற்கு ஆசைப்படுகிறார்கள்.

நாம் இதில் தடுக்கி விழுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் ‘எனக்கு ஆசை’ என்போம். நான்காம் வேற்றுமை போட்டால் வேலை முடிந்தது. ஆசை தானாக நம்மிடம் வந்து சேரும். ஆங்கிலத்திலோ ஆசை பெயரடையாகி ஆளின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. ‘நான் ஆசையுள்ளவன்’ என்று நாம் வீட்டில் பேசுவதில்லை. அதனால் எந்த விகுதி பொருந்தும் என்று நம் காது சொல்லித் தருவதில்லை.

நம்பிக்கை: டிசையரஸ் நம்மூர் குமாஸ்தாக்கள் கட்டிய சொல்.

உண்மை: பாவம் குமாஸ்தாக்கள். பிரெஞ்சு வழியாக வந்து பல நூற்றாண்டுகளாக ஆங்கிலத்தில் புழங்கும் சொல் இது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், இயேசுவைப் பார்க்க ஏரோது நெடுநாள் விரும்பியிருந்ததைச் சொல்ல இதுதான் வருகிறது. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட சிந்து நதிநீர் ஒப்பந்தத்தின் முகப்புரையிலும் இரு அரசுகளும் சரிசமமாக ‘டிசையரஸ்’தான். பேச்சில் மங்கிவிட்டது, ஒப்பந்தங்களிலும் சட்ட ஆவணங்களிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நம்பிக்கை: பின்னால் ‘டு’ போட்டால் பிழை.

உண்மை: ஏரோதுக்கு ‘டு’தான். சிந்து ஒப்பந்தத்தில் ‘ஆஃப்’. இன்றைய வழக்கு ‘ஆஃப்’ பக்கமே சாய்கிறது. ‘ஃபார்’ மட்டும் வேண்டாம்.

நம்பிக்கை: நீளமான சொல் போட்டால் மரியாதை கூடும்.

உண்மை: கூடாது. வேலை கேட்கிற கடிதத்துக்கு ‘ஐ விஷ் டு அப்ளை’ தாராளம்.

பையனும் அப்படியே மாற்றிக்கொண்டான். டிசையரபிளை அடிக்கும்போது மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது.