ஆளுக்குக் கொஞ்சம் தெரியும். யார் கூட்டிச் சேர்ப்பது?

கேள்வி: தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை நான். என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரமாக வரவில்லை. அப்பா போன வருடம் சாலை விபத்தில் இறந்துவிட்டார். அம்மா செங்கல் சூளைக்குப் போகிறார். வீட்டில் மூன்று வயதுத் தம்பி. தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் பேச்சு நடப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். தலைமை ஆசிரியர் "எழுதி அனுப்பிவிடலாம்" என்கிறார். யாருக்கு எழுதுவது? எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு நல்லதா, கெட்டதா?

டீச்சர், கல்யாணத் தேதி குறித்துவிட்டார்களா என்பதை மட்டும் இன்றைக்கே விசாரித்துவிடுங்கள். குறித்திருந்தால் மீதிக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம். முதலில் 1098-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உங்கள் பெயரை வெளியில் சொல்லமாட்டார்கள். மாவட்ட சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர்; அவருக்கும் தகவல் போக வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதித்துறை நடுவரிடம் தடையாணை வாங்கலாம். அதை மீறித் தாலி கட்டினால் அந்தத் திருமணம் செல்லாது. இவ்வளவு பலமான ஆயுதம் இருந்தும் நம் அலுவலகங்கள் அதை எடுப்பது அபூர்வம். பெரும்பாலும் அம்மாவைக் கூப்பிட்டு, "பதினெட்டு வயசுக்கு முன்னால் கட்டிவைக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அந்தக் காகிதத்தின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கர்நாடகம் எவ்வளவு தூரம்? அங்கே ஒரு கோயிலில் காரியத்தை முடித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

எழுதிக் கொடுத்த அம்மா பொய்க்காரி என்று சொல்லவில்லை. "வயசுக்கு வந்த புள்ளைய தனியா விட்டுட்டு விடியக்காலம் சூளைக்குப் போறேன், எனக்கு வயித்துல நெருப்புங்க" என்ற பேச்சை இந்த வேலையில் இருக்கிற எல்லாரும் கேட்டிருப்பார்கள். கல்யாணத்தை நிறுத்தியவர்கள் அந்த நெருப்புக்கு ஒன்றும் செய்யாமல் ஜீப்பில் ஏறிவிட்டால், அடுத்த முகூர்த்தம் வரைதான் கணக்கு.

தேதி குறிக்கவில்லை என்றால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அதை மனு எழுதுவதில் செலவழிக்காதீர்கள். முதலில் தகவலைச் சேருங்கள். அந்தக் குடும்பத்தைப் பற்றி ஊரில் தெரியாதது எதுவும் இல்லை, ஆனால் ஒருவரிடமும் முழுசாக இல்லை. தம்பி பாதி நாள் அங்கன்வாடிக்கு வருவதில்லை என்று பணியாளருக்குத் தெரியும். அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியும். குழுக்கடன் எத்தனை தவணை நிற்கிறது என்று மகளிர் குழு ஊக்குநருக்கும், வாரிசுச் சான்று வாங்கியாகிவிட்டதா என்று விஏஓவுக்கும் தெரியும். பிள்ளை பள்ளிக்கு வராதது உங்களுக்குத் தெரியும். யானையைத் தடவிப் பார்த்த குருடர்கள் மாதிரி ஆளுக்கு ஒரு பதிவேடு.

இவர்களை ஓரிடத்தில் உட்கார வைக்கத்தான் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். ஊராட்சித் தலைவர்தான் அதற்குத் தலைவர். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் போன ஊராட்சி என்றால் ஊராட்சிச் செயலரைப் பிடியுங்கள். பல ஊர்களில் இந்தக் குழு கையெழுத்துப் புத்தகத்தில்தான் கூடுகிறது. அதைக் கூட்டச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். அங்கன்வாடி முடிந்த பிறகு, உங்கள் பள்ளியிலேயே, நான்கைந்து பேர் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: தலைவரோ செயலரோ மாப்பிள்ளை வீட்டுக்கு உறவாக இருக்கலாம், ஒரே சாதிக்கட்டாக இருக்கலாம். அப்படியானால் கல்யாணப் பேச்சை அங்கே எடுக்கவே எடுக்காதீர்கள்; அது 1098-க்கும் சமூகநல அலுவலருக்கும் மட்டும்.

அந்த அரைமணி நேரத்தில் "ஏன் அனுப்பமாட்டேன் என்கிறாள்?" என்று ஆரம்பித்தால் அம்மாவின் குணநலனைப் பற்றித்தான் பேசி முடிப்பீர்கள். காலையிலிருந்து இரவு வரை அந்த வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சூளையில் வெயில் ஏறுமுன் கல் அறுக்க வேண்டும். இருட்டோடு கிளம்ப வேண்டும். அங்கன்வாடி திறக்கும்போது அவர் பாதி வேலையை முடித்திருப்பார். நடுவில் இருக்கிற அந்த நாலைந்து மணி நேரம் தம்பி யார் இடுப்பில் இருக்கிறான்? உங்கள் மாணவியின் இடுப்பில். அவள் பள்ளிக்கு வராததற்குக் காரணம் படிப்பில் ஆர்வமின்மை என்று நீங்கள் பதிவேட்டில் எழுதினால், அதைவிடப் பெரிய தப்பு இருக்க முடியாது. அந்த நாலு மணி நேரத்துக்கு எந்தத் துறையிலும் திட்டம் கிடையாது. எதிர்வீட்டு அக்கா, அத்தை, மகளிர் குழுவில் ஒரு பாட்டி, இவர்கள்தான் திட்டம். அதைப் பேசி முடிக்க ஊக்குநரால்தான் முடியும், கலெக்டரால் முடியாது.

அடுத்தது பணம். இதில்தான் அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் கிடக்கின்றன. அரசு, அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் பெற்றோர் விபத்தில் இறந்தால் 75,000 ரூபாய் வைப்புத்தொகை உண்டு. இந்த விண்ணப்பம் உங்கள் தலைமை ஆசிரியரின் மேசையிலிருந்தே புறப்பட வேண்டும். "எழுதி அனுப்பிவிடலாம்" என்றாரே, இதைத்தான் முதலில் எழுத வேண்டும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் கணவரை இழந்த தாயிடம் வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்கும். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மனு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும். அம்மாவின் விதவை உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி வட்டாட்சியர். 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தைப் பலரும் இதோடு குழப்புகிறார்கள். மாதம் 2,000 ரூபாய் தருகிற அது, இரண்டு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் உரியது. இந்த அம்மா உழைத்துக் காப்பாற்றுகிறார். அதில் போட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்று வேண்டும். ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில்தான் இறப்பு பதிவாகியிருக்கும், சொந்த ஊரில் அல்ல. சேலத்தில் பதிவான சான்றுக்காகத் தாலுகா ஆபீஸில் காத்திருக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். இழப்பீட்டு வழக்கு போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் தாமதிக்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள், எண் 15100, கட்டணம் கிடையாது. சான்றுகளை ஒரே தடவையில் ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்து ஒரு கவரில் போட்டு அம்மாவிடம் கொடுங்கள். ஒரு வாரத்தில் மூன்று துறைக்காரர்கள் வந்து ஆளுக்கொரு ஆதார் நகல் கேட்டால், நாலாவது ஆளுக்குக் கதவு திறக்காது.

யாராவது ஒருவர் இந்தக் குடும்பத்துக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். பதவியில் பெரியவர் வேண்டாம். அந்த அம்மா யாரிடம் மனம்விட்டுப் பேசுவாரோ அவர். நிறைய ஊர்களில் அது செவிலியர்தான். அவர் கையில் ஒரே ஒரு பக்கம் இருக்கட்டும்: நேரில் பார்த்தது எது, கேள்விப்பட்டது எது, யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார், எந்தத் தேதிக்குள். அதன் நகல் பாதுகாப்பு அலகுக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் போகட்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிற மனு, "மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்ற முத்திரையோடு துறை துறையாகச் சுற்றும். பெயரும் தேதியும் போட்ட பக்கத்தை அப்படிச் சுற்றிவிடுவது கஷ்டம்.

இதையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ ஊடகத்தில் வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். சட்டம் கிடக்கட்டும், ஊர் வாய்க்குப் போனால் அந்தப் பிள்ளை திரும்பி வரவே கூசும். கூட்டத்திலும் அப்படியே: குழுக்கடன் விஷயம் விஏஓவுக்கு எதற்கு? ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்கு வேண்டியது மட்டும். நீங்கள் யாரிடம் பேசப்போகிறீர்கள் என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னால் பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் சொல்லாமல் செய்யலாம்.

விசாரிக்கும்போது பாலியல் தொந்தரவு பற்றிச் சாடையாகத் தெரிந்தாலும் அரைமணி நேரக் கூட்டம், ஒரு பக்கம் எல்லாம் நிறுத்தம். போக்சோ சட்டப்படி தகவல் உடனே காவல் துறைக்குப் போயாக வேண்டும். சொல்லாமல் இருப்பதே குற்றம். நீங்களாகத் துருவிக் கேட்காதீர்கள். வாக்குமூலத்தை முடிந்தவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், பிள்ளைக்குத் தோதான இடத்தில் பதிய வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

"ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம்" என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். சுலபமான பதில். வீட்டில் இருப்பது ஆபத்து என்றால் சரி: குழந்தைகள் நலக் குழு முன் 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை ஆஜர்படுத்தி, அவர்கள் முடிவெடுக்கட்டும். ஆபத்து இல்லாதபோது, வறுமைக்காக மட்டும் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது. நிறுவனம் கடைசி வழி என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. அக்காவை விடுதிக்கு அனுப்பிவிட்டால் தம்பி சூளைக்குத்தான் போவான். எதற்கும் முன்னால் அவளைக் கேளுங்கள். கேட்க மறந்துபோகிற ஆள் எப்போதும் அவள்தான்.

அவள் வந்த அன்றைக்கு வகுப்பில் எழுப்பி நிற்க வைத்து "எங்கே போயிருந்தே?" என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன பாடத்துக்குப் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையின் நோட்டு போதும். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, பரீட்சைக்கு முன் ஒரு முறை, அடுத்த வருடம் சூளை தொடங்கும்போது ஒரு முறை அதே நாலு பேர் பேசிக்கொள்ளத் தேதி குறித்துவிடுங்கள். மாறுதல் கலந்தாய்வில் உங்களுக்கு வேறு ஊர் கிடைத்தால், அந்த ஒரு பக்கத்தைப் பத்தாம் வகுப்பு எடுக்கப்போகிறவர் கையில் நேரில் கொடுத்து, செவிலியரின் போன் நம்பரையும் சொல்லிவிட்டுப் போங்கள்.