தூண்களுக்கு முன் ஊர்: பால்மைரா செல்வோர்க்குச் சில அனுபவப் பாடங்கள்

சிரியப் பாலைவனத்தின் நடுவே, டமாஸ்கஸ் நகருக்கு வடகிழக்கில் ஏறத்தாழ 215 கிலோமீட்டர் தொலைவில், பேரீச்சந்தோப்புகள் சூழ்ந்த ஒரு பாலைவனச்சோலையில் அமைந்த பால்மைரா, அரபு மொழியில் தத்முர் என்று வழங்கப்படுகிறது. மத்தியதரைக் கடற்கரைக்கும் யூப்ரடிஸ் ஆற்றுக்கும் இடையே தண்ணீர் கிடைக்கும் இடமாக இருந்ததால், கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் அது சாத்துகளின், அதாவது ஒட்டகங்களுடன் கூட்டமாகச் செல்லும் வணிகர் குழுக்களின், நகரமாக வளர்ந்தது. அந்நகரின் ஏறத்தாழ 1.1 கிலோமீட்டர் நீளமுள்ள தூண்வரிசையில் பிற ரோமானிய நகரங்களில் அரிதாகவே காணப்படும் ஒரு கூறு உண்டு: ஒவ்வொரு தூணின் உடலிலும் பாதி உயரத்துக்கு மேலே ஒரு கல்தாங்கி வெளியே நீண்டிருக்கும், அதன்மேல் நகருக்கு நன்மை செய்தவரின் சிலை நிறுத்தப்பட்டு, கீழே அவர் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அவ்வாறு சிறப்பிக்கப்பட்டோரில் அரசர்களையும் படைத்தலைவர்களையும் மட்டுமன்றி, பாலைவனக் கொள்ளையரிடமிருந்து சாத்தைக் காத்துப் பத்திரமாக ஊர் சேர்த்த சாத்துத் தலைவர்களையும் காணலாம். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த கல்வெட்டுகள் போற்றும் பொலியாதேஸின் மகன் சோவாதோஸ் அத்தகையோருள் ஒருவர்.

வழி அறிந்தவரே பெரியவர் என்பது அந்நகரம் தன் கற்களில் எழுதிவைத்த மதிப்பீடு. 2011இல் தொடங்கிய உள்நாட்டுப் போருக்குப் பின் அங்கே சென்று திரும்பியோரின் அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தால், அதுவே இன்றைய பயணிக்கும் முதற்பாடமாக அமைவதை உணரலாம். கீழ்வரும் குறிப்புகள் அந்த ஒரு பாடத்தின் விரிவுகளே.

திறந்த எல்லையும் திறவாத சாலையும்

2024 டிசம்பர் 8 அன்று அசாத் குடும்பத்தின் ஆட்சி வீழ்ந்தபின் சிரியாவுக்கு வெளிநாட்டவர் வருகை மீண்டும் தொடங்கியது எனினும், எல்லை திறந்திருப்பதும் பாலைவனச் சாலை பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல. 2025 மார்ச்சில் கடற்கரை மாவட்டங்களிலும், ஜூலையில் தெற்கே சுவைதாவிலும் பெரும் வன்முறை வெடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பால்மைராவிலேயே நடந்த துப்பாக்கித் தாக்குதலில் அமெரிக்கப் படைவீரர் இருவரும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் கொல்லப்பட்டனர். ஆகவே, நாடு பாதுகாப்பானதா என்று பொதுப்படக் கேட்பதைவிட, இன்ன சாலை இன்ன நாளில் இன்ன நேரத்தில் எப்படி இருக்கிறது என்று கேட்பதே பயன் தரும். இக்கேள்விக்கு விடை தரக்கூடியவர், அந்த வாரத்தில் அச்சாலையில் வண்டி ஓட்டியவரே அன்றி, தலைநகரில் அமர்ந்து பயணத்தை விற்பவர் அல்லர்.

தன் நாட்டு அரசு வெளியிடும் பயண எச்சரிக்கையை வெறும் சம்பிரதாயமாகக் கருதுவோர் அதன் நடைமுறை விளைவுகளைக் கவனிப்பதில்லை. பெரும்பாலான பயணக் காப்பீடுகள் போரினால் விளையும் இழப்பை விலக்கிவைப்பவை. எச்சரிக்கை நிலவும் நாட்டுக்குச் சென்றால் சாதாரண மருத்துவச் செலவுக்கும் காப்புறுதி கிடைக்காமற் போகலாம் என்பதால், ஒப்பந்தத்தின் விலக்குப் பகுதியை வரிவரியாகப் படித்தல் வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் இந்திய அரசு தன் குடிமக்கள் சிரியாவுக்குச் செல்வதைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவித்தது. அடுத்த சில நாள்களில் 75 இந்தியர்கள் லெபனான் வழியாக வெளியேற்றப்பட்டனர். நெருக்கடியில் வான்வழி மூடப்படும்போது அண்டை நாட்டின் தரை எல்லையே வாசலாகிறது என்பதையே இந்நிகழ்வு காட்டுகிறது. எனவே, புறப்படும் முன்பே லெபனான், ஜோர்டான் ஆகிய நாடுகளின் நுழைவு விதிகளை அறிந்து, இயன்றால் விசாவையும் பெற்றுவைத்துக்கொள்பவர், நுழையும் வழியோடு வெளியேறும் வழியையும் திட்டமிட்டவர் ஆகிறார்.

நெடுங்காலப் பொருளாதாரத் தடைகளால் அயல்நாட்டு வங்கி அட்டைகளை நம்பிச் செல்ல இயலாத நிலை அங்கே வேரூன்றியிருப்பதால், ரொக்கமாகப் பணம் கொண்டுசெல்வதும், அதை இரண்டு மூன்று இடங்களில் பிரித்துவைப்பதும் தேவை. கோடையில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவதாலும் குளிர்கால இரவுகள் உறைநிலையை நெருங்குவதாலும், இளவேனிலும் இலையுதிர் காலமுமே ஏற்ற பருவங்கள். விடியலில் புறப்பட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுதல், போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவைத்தல், ஓட்டுநர் திரும்பலாம் என்று சொன்னால் மறுபேச்சின்றி இசைதல் ஆகியவை விலக்கில்லாத விதிகள். பாதி வழியில் திரும்ப நேர்ந்த பயணம் வீணான பயணம் ஆகாது.

காலடியில் கிடப்பவை

ஐ.எஸ். எனப்படும் இஸ்லாமிய அரசு அமைப்பு 2015 மே மாதம் பால்மைரா நகரைக் கைப்பற்றியது. 2016 மார்ச்சில் இழந்து, அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் பிடித்து, 2017 மார்ச்சில் இறுதியாக வெளியேறியது. ஒரே நிலம் நான்கு முறை கைமாறும்போது ஒவ்வொரு தரப்பும் விட்டுச்செல்வது கண்ணிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையுமே. போர் ஓய்ந்தபின்னும் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நீள்வதை இலங்கையின் வடபகுதி மக்கள் நன்கு அறிவர். பாலைவனத்திலோ காற்று மணலை இடம்பெயர்ப்பதால், நேற்று மூடிக்கிடந்தது இன்று வெளிப்படலாம். இன்று தெரிவது நாளை மறையலாம்.

இதிலிருந்து பிறக்கும் நடைமுறை எளியது. தார்ச்சாலையையும் ஊர்மக்கள் நாள்தோறும் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையையும் விட்டு விலகலாகாது. நிழற்படத்துக்காகச் சரிவில் ஏறுதல், கைவிடப்பட்ட வீட்டுக்குள் நுழைதல், கிடக்கும் உலோகத் துண்டைக் காலால் புரட்டுதல் ஆகியவை கூடா. ஐயத்துக்குரிய நிலத்தில் கால்வைத்துவிட்டதாகத் தோன்றினால், அங்கேயே நின்று பிறருக்குக் குரல் கொடுத்து உதவியை நாடுதலே முறை. உதவிக்கு வழியே இல்லாத நிலையில் மட்டும், தெளிவாகத் தெரியும் தன் சொந்தக் காலடித் தடங்களிலேயே மெல்லப் பின்வாங்கலாம். நகருக்கு மேலே குன்றில் நிற்கும் கோட்டையிலிருந்து சூரியன் மறைவதைக் காண்பது பழைய பயண நூல்கள் பரிந்துரைத்த இன்பம். இன்று அந்த ஏற்றத்தை ஊர்க்காரர் ஒருவர் முன்னே நடந்தால் ஒழிய மேற்கொள்ளலாகாது.

அருங்காட்சியகத்தில் தொடங்குதல்

பால்மைராவைப் பார்க்கும் முறையான வரிசை டமாஸ்கஸ் தேசிய அருங்காட்சியகத்தில் தொடங்குகிறது. கி.பி. 108இல் அமைக்கப்பட்ட யர்ஹாய் குடும்பத்தின் நிலவறைக் கல்லறை, அதாவது தரைக்கடியில் குடைந்து உறவினர் அனைவரையும் அடக்கம் செய்த அறை, பால்மைராவிலிருந்து பெயர்த்து அங்கே மீண்டும் அமைக்கப்பட்டுள்ளது. இறந்தோரின் முகங்களை வரிசையாகக் காட்டும் அந்த அறையைக் கண்டபின் பாலைவனத்துக்குச் செல்பவருக்கு, சிதறிக் கிடக்கும் கற்கள் ஒரு காலத்தில் குடும்பங்களின் உடைமையாக இருந்தவை என்பது விளங்கும்.

பால்மைராவில் எது நிற்கிறது என்பதோடு எது, எப்போது, யாரால் விழுந்தது என்பதையும் அறிந்தே நடத்தல் வேண்டும். கி.பி. 32இல் அர்ப்பணிக்கப்பட்ட பெல் கோயிலின் கருவறைக் கட்டடமும், பால்ஷாமின் கோயிலும் 2015 ஆகஸ்டில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன; வெற்றி வளைவு அக்டோபரில் வீழ்ந்தது; தெத்ராபைலான் எனப்படும் நாற்றிசைத் தூண்மண்டபமும் அரங்கின் முகப்பும் 2017 ஜனவரி வாக்கில் சிதைக்கப்பட்டன. ஆயினும், அழிவுக்கு முந்தைய காட்சி முழுவதும் பழமையானதே என்று எண்ணுவதும் பிழையாகும். தெத்ராபைலானின் 16 தூண்களில் ஒன்று மட்டுமே எகிப்திலிருந்து வந்த பழைய கிரானைட். ஏனையவை 20ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பில் கான்கிரீட்டால் வார்க்கப்பட்டவை. விழுந்த கற்களையே எடுத்து அவற்றின் பழைய இடத்தில் அடுக்கி நிறுத்தும் முறைக்கு அனஸ்டைலோசிஸ் என்று பெயர். எந்தக் கல் அப்படி நின்றது, எது புதிதாக வார்க்கப்பட்டது என்று பிரித்தறியும் பழக்கம், பழமையைப் பற்றிய மிகையான பரவசத்திலிருந்து பயணியைக் காப்பாற்றுகிறது.

இடிபாடுகளுக்குள் இருந்த ஊர்

பெல் கோயில் பின்னாளில் கிறித்தவத் தேவாலயமாகவும் பள்ளிவாசலாகவும் விளங்கியது. அதன் மதில்களுக்குள் ஒரு கிராமமே குடியிருந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், தொல்லியல் ஆய்வுக்காக அம்மக்கள் வெளியேற்றப்பட்டு, வடக்கே புதிதாக எழுப்பப்பட்ட தத்முர் நகரில் குடியமர்த்தப்பட்டனர். ஆளற்ற இடிபாடு என்று பயணி வியக்கும் வெறுமை, இவ்வாறு மனிதரை அகற்றி உருவாக்கப்பட்ட வெறுமையே.

அதே ஊரில்தான் அசாத் ஆட்சியின் மிகக் கொடிய சிறைகளுள் ஒன்று இயங்கியது. யுனெஸ்கோ அமைப்பு பால்மைராவை உலக மரபுச் சின்னமாக அறிவித்த 1980ஆம் ஆண்டிலேயே, ஜூன் 27 அன்று, அச்சிறையில் நூற்றுக்கணக்கான கைதிகள் கொன்று குவிக்கப்பட்டனர். உலகம் தூண்களின் பெயரால் நினைத்த தத்முரைச் சிரியர்கள் பலர் சிறையின் பெயரால் அஞ்சினர். போரில் ஊரைவிட்டு ஓடியவர்கள் பலர் ஜோர்டான் எல்லையில் இருந்த ருக்பான் முகாமில் ஆண்டுக்கணக்கில் தவித்தனர். அம்முகாம் 2025 ஜூனில்தான் மூடப்பட்டது.

இவ்வரலாற்றை அறிந்தவர் ஊர்மக்களிடம் பேசும் முறை வேறாக இருக்கும். எந்தத் தரப்பைச் சேர்ந்தவர் என்றோ, கொலைகளைக் கண்டீர்களா என்றோ தாமாகக் கேட்கலாகாது. அவர்களே சொல்ல முன்வந்தால் குறுக்கிடாமல் கேட்டலே மரியாதை. சோதனைச்சாவடியையும் ஆயுதம் தாங்கியோரையும் படமெடுத்தல் ஆபத்து. மனிதர்களை அனுமதியின்றிப் படமெடுத்தல் அவமதிப்பு. கசப்புக் காப்பி தரப்பட்டால் முதற்கிண்ணத்தை மறுக்காமல் பருக வேண்டும். போதும் என்பதற்குக் கிண்ணத்தை மெல்ல அசைத்துக் கொடுத்தல் பாலைவன வழக்கம். வழிகாட்டியையும் உணவையும் தத்முரிலேயே தேடிக்கொண்டால், பயணத்தின் செலவு மீண்டெழ முயலும் ஊருக்கே சேரும்.

அவ்வூரில் விலை கொடுத்தும் வாங்கக் கூடாத பொருளும் உண்டு. பழைய நாணயம், கல்முகம், மண்விளக்கு என்று யாரேனும் நீட்டினால், அது போலியாக இருக்கலாம், அல்லது திருடப்பட்டதாக இருக்கலாம். 2011 மார்ச் 15க்குப் பின் சிரியாவிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய பண்பாட்டுப் பொருள்களின் வணிகத்தை ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2199ஆம் தீர்மானம் தடை செய்துள்ளது. நாற்பது ஆண்டுகள் பால்மைராவின் தொல்பொருள்களைப் பேணிய காலித் அல்-அசாத், 80 வயதைக் கடந்த நிலையில், 2015 ஆகஸ்டில் ஐ.எஸ். அமைப்பால் கொல்லப்பட்டார். பொருள்களை மறைத்துவைத்த இடத்தைச் சொல்ல அவர் மறுத்ததாகக் கூறப்படுகிறது. அத்தகைய விலை கொடுக்கப்பட்ட மண்ணிலிருந்து ஒரு சில்லைக்கூட நினைவுப்பொருளாக எடுத்து வருதல் தகாது.

திரும்பியபின் எழுதுதல்

பயணக் கடமை ஊர் திரும்பியதும் முடிவதில்லை. அழைத்துச் சென்ற ஓட்டுநரின் முகம், விருந்தளித்த வீட்டின் வாசல், பேசியவரின் பெயர் ஆகியவற்றை வெளியிடும் பதிவு, ஆட்சியும் அதிகாரமும் மாறிக்கொண்டிருக்கும் நாட்டில் என்றேனும் அவர்களுக்கு எதிரான சான்றாக மாறக்கூடும். சோவாதோஸின் காலத்தில் சாத்தைக் காத்தவரின் பெயரைக் கல்லில் பொறிப்பதே நன்றியாக இருந்தது. இன்று பாலைவனத்தைப் பத்திரமாகக் கடக்க உதவியவரின் பெயரை எழுதாமல் விடுவதே அவருக்குச் செலுத்தும் நன்றி.