மாடிக்கு வைஃபை ஏறவில்லையா?

கீழே ஹாலில் ரவுட்டர் இருக்கிறது. மாடி அறையில் சிக்னல் ஒரு புள்ளிதான் காட்டுகிறது. மகளின் ஆன்லைன் வகுப்பு அடிக்கடி நின்றுவிடுகிறது. பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அது உதவுமா?
– வாசகி, தஞ்சாவூர்

தாராளமாக உதவும். கேபிள் தவிர வேறு செலவே இல்லை. கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் சிக்னல் சோர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். கடையில் ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார்கள், வேண்டாம். அது சிக்னலை வாங்குவதும் திருப்பி அனுப்புவதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஹாலிலிருந்து மாடிக்கு ஒரு கேட்-6 கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். டிஷ் ஒயர் ஏறும் வழியிலேயே கொண்டுபோகலாம். கரன்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் விடாதீர்கள்.

அதற்கு முன், பழைய ரவுட்டரைக் கம்ப்யூட்டரில் இணைத்து செட்டிங்ஸைத் திறங்கள். கீழே உள்ளதன் முகவரி 192.168.1.1 என்றால், இதற்கு 192.168.1.2 கொடுங்கள். பிறகு டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: அணைக்காவிட்டால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும், நெட் வந்து வந்து போகும். கேபிளை வான் துளையில் அல்ல, லேன் துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் மட்டும் கீழே 1, மேலே 6 அல்லது 11.

பழைய ரவுட்டரை மகள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், இரும்பு பீரோவை விட்டுத் தள்ளி வையுங்கள். இனி வகுப்பு பாதியில் நிற்காது.