மருந்து மட்டும் போதாது, முதலாளி!

ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூருக்குப் போயிருக்கிறீர்களா? போளூரில் பஸ் ஏறினால், வளைந்து வளைந்து மலைமேல் கொண்டு போய் இறக்கிவிடும். சாமை, தேன், புளி என்று மலை விளைச்சலுக்குப் பெயர் போன ஊர். மாதம் ஒரு முறை அங்கே போய் நோயாளிகளைப் பார்ப்பது என் வழக்கம்.

ஒருநாள், நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் வந்தார். வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம், ராத்திரியில் தூக்கமில்லை. ஆடாதொடை மணப்பாகு கொடுத்தேன். அடுத்த மாதம், "இப்ப தேவலைங்க ஐயா" என்று சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்கடுத்த மாதம் பார்த்தால், பழையபடி இருமல்!

நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். வாதமா, பித்தமா, கபமா என்று ஆராய்ந்தேன். முதல்நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டேன். "என்ன வேலை பார்க்கறீங்கம்மா?"

"சாமை உடைக்கிற மில்லுலங்க. போன மாசம் திருவிழாவுக்கு ஒரு வாரம் லீவு விட்டாங்க. அப்ப இருமலே இல்லீங்க."

அப்படியானால் அவரைத் தேற்றியது என் மணப்பாகு இல்லை, விடுமுறை!

"முதலாளிகிட்ட சொன்னீங்களா?" என்றேன்.

"சொன்னா நாளையிலேர்ந்து வராதேன்னுடுவாருங்க. ரெண்டு புள்ளைங்க படிக்குது."

'என்ன தொழில்?' என்று கேளுங்கள்

பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர், தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700-ம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மற்ற கேள்விகளோடு 'என்ன தொழில்?' என்றும் கேளுங்கள் என்பது அவர் மருத்துவர்களுக்குச் சொன்ன பாடம். முந்நூறு வருஷம் கழித்தும் நான் அதைக் கோட்டை விட்டேனே!

அன்று மாலையே அந்த மில்லுக்குப் போனேன். அந்த அம்மாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. சும்மா பார்க்க வந்தேன் என்றேன்.

சாமையின் உமி சாமானியத்தில் போகாது, அங்கே மெஷினில் போட்டு நீக்குகிறார்கள். உள்ளே புகை மாதிரி தூசி. பெண்கள் முந்தானையை வாயில் சுற்றியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியைச் சேலைத்துணி தடுக்காது. ஓடுகிற பெல்ட்டுக்கு மூடி இல்லை. பக்கத்தில் நிற்பவரின் முந்தானையோ பின்னலோ சிக்கினால் என்ன ஆகும்? கையெட்டும் தூரத்தில் நின்றவரிடம் கத்தித்தான் பேச முடிந்தது. அப்படிக் கத்த வேண்டியிருந்தால், அந்தச் சத்தம் காதைக் கெடுக்கும் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி நல்ல மனுஷர். மோர் கொடுத்து உபசரித்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"டாக்டர், நான் என்ன பெரிய ஃபேக்டரியா நடத்தறேன்? நாலு பேரை வச்சு மில்லு ஓட்டறேன். இதுக்கெல்லாம் செலவு பண்ணினா கட்டுப்படியாகுமா?"

நியாயமான கேள்விதான். நம்மில் பலர் கேட்பதும் இதைத்தான். மாவு மில், அச்சகம், தையல் கடை, சமையல் கான்ட்ராக்ட் என்று நாலு பேரை வைத்துத் தொழில் செய்யும் வாசகர்கள் எத்தனை பேர்!

செலவு எது, நஷ்டம் எது?

கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னேன். பழகிய ஆள் உடம்பு முடியாமல் வராத நாளில் கூலி மிச்சம் என்று நினைக்கிறோம். ஆனால் அன்று மெஷின் பாதி நேரம் சும்மா நிற்கிறது. புது ஆள் வந்தால், வேலை பழகும்வரை பாதி சாமை நொய்யாகிப் போகிறது. ஒரே ஒரு விபத்து நடந்தால் ஆஸ்பத்திரிச் செலவு, நஷ்ட ஈடு, போலீஸ், அதற்கும் மேல் ஆயுசுக்கும் மனசாட்சி உறுத்தல். இவையெல்லாம் நோட்டில் 'பாதுகாப்பு' என்ற தலைப்பில் வராது. அதனால்தான் நம் கண்ணில் படுவதில்லை.

பெரிய கம்பெனிகளும் இதில் தப்பவில்லை. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த நாளில், பாதரசத்தைச் சுத்தி செய்யாமல் தொடாதே என்பது எங்களுக்குப் பாலபாடம். அது சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். இன்னொரு மலையூரான கொடைக்கானலில், இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் பாதரச தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடப்பது 2001-ல் வெளிச்சத்துக்கு வந்து, ஆலை மூடப்பட்டது. உடல்நலம் கெட்டது என்று தொழிலாளர்கள் போராடினார்கள். அதற்குப் பாதரசம் காரணமில்லை என்றது நிறுவனம். கடைசியில் 2016-ல், 591 முன்னாள் தொழிலாளர்கள் விஷயத்தில் சமரசம் ஏற்பட்டது. பதினைந்து வருஷம்! முன்கூட்டியே கவனம் எடுப்பது எவ்வளவு மலிவு என்று யோசியுங்கள்.

பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச்சூழல் தொழிலாளியின் அடிப்படை உரிமைகளில் ஒன்று என்று 2022-ல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு அறிவித்துவிட்டது. பெரிய ஆலைக்கு ஆய்வாளர் வருவார். நாலு பேர் வேலை செய்யும் இடத்தை யார் எட்டிப் பார்ப்பார்? முதலாளிதான் பார்க்க வேண்டும்.

சிறிய இடத்துக்கு ஐந்து படிகள்

1. வாரம் ஒருநாள் வேலையாட்களோடு சேர்ந்து இடத்தைச் சுற்றிப் பாருங்கள். எது பயமாக இருக்கிறது என்று அவர்களையே கேளுங்கள். சொன்னவரின் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது. இதுதான் அஸ்திவாரம். மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கும்.

2. ஒரு நோட்டுப் போடுங்கள். காயம், இருமல், முதுகுவலி, மயிரிழையில் தப்பிய சம்பவம் எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். இரண்டு மாதத்தில் நோட்டே பேசும்.

3. முதலில் ஆபத்தை அது பிறக்கும் இடத்திலேயே தடுங்கள். பெல்ட்டுக்குக் கூண்டு, தூசியை வெளியே இழுக்கும் குழாய், மூட்டை தூக்கத் தள்ளுவண்டி. முகக்கவசம் கடைசி ஆயுதம்தான். அதையும் என்-95 ரகமாக, முதலாளி செலவில் கொடுங்கள்.

4. புதிதாக வருபவருக்கு முதல்நாளே சொல்லிக்கொடுங்கள். மெஷினை நிறுத்தும் சுவிட்ச் எங்கே, முந்தானையைச் செருகுவது எப்படி, முதலுதவிப் பெட்டி எங்கே என்று காட்டுங்கள்.

5. வருஷம் ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்யுங்கள். வேலை நாளில் கூடி, லீவு நாளில் குறையும் இருமலை அலட்சியம் செய்யாதீர்கள். நுரையீரல் பரிசோதனை அவசியம். கஷாயம் குடித்துக்கொண்டே நாளைக் கடத்த வேண்டாம். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்!

ஜமுனாமரத்தூர் முதலாளி ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதல் மாதம் பெல்ட்டுக்குக் கம்பிக்கூண்டு வந்தது. மூன்றாம் மாதம் தூசிக்குழாய். "சாமை சுத்தமா வருது டாக்டர், வியாபாரியே கேட்டு வாங்கறான்" என்றார். அந்த அம்மாவைத் திருவண்ணாமலைக்கு அனுப்பி நுரையீரல் பரிசோதனை செய்யச் சொன்னேன். ஆஸ்துமாவின் ஆரம்பம் என்றார்கள். இன்றைக்கும் மாத்திரை, மருந்து உண்டு. ஆனால் ராத்திரி தூங்குகிறார். வேலையும் போகவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் முதலாளியானால், நாளைக் காலை கடை திறந்ததும் ஒரு நோட்டு வாங்குங்கள். வேலைக்குப் போகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று ராத்திரி சாப்பாடு பரிமாறும்போது, "அங்கே என்னதான் வேலை, எப்படிச் செய்யறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வைத்தியம் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.