பிறந்தநாளுக்கு ஓர் அழைப்போலை



பிறந்தநாள் வருகிறதென்றால் அழைப்பு அட்டை வாங்கக் கடைக்கு ஓடுகிறோம். வெப்ப மண்டல நாடுகளின் அழகு என்று அச்சிட்ட அட்டைகளில் நீலக்கடல், அன்னாசிப்பழம், பூநாரை ஆகியவற்றையே காண்கிறோம். அன்னாசியின் தாயகம் தென் அமெரிக்கா. பூநாரையைப் பார்க்க நாம் பழவேற்காட்டு ஏரிக்கோ கோடியக்கரைக்கோ அல்லவா போகவேண்டும்?

புவியியல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். கடகரேகை 23½ பாகையில் உள்ளது. நம் திருவண்ணாமலையோ ஏறத்தாழ 12¼ பாகையில் இருக்கிறது. ஆண்டில் இருமுறை, ஏப்ரல் 23-ஐயும் ஆகஸ்டு 20-ஐயும் ஒட்டி, நண்பகல் வேளையில் கதிரவன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறான். கொடிக்கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஆகவே வெப்ப மண்டலம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. வரைவதற்கு 2,668 அடி உயர மலையும், சித்திரையில் பூக்கும் சரக்கொன்றையும், மயிலும் உண்டு; எழுதப் பனையோலையும் உண்டு.

இதை எழுத வேறொரு காரணமும் உண்டு. நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது அப்பா பத்து அட்டைகள் வாங்கித் தந்தார். வகுப்பில் நாங்கள் நாற்பத்தெட்டுப் பேர். கொடுத்து முடித்தபோது, என் பக்கத்தில் அமர்ந்து தினமும் தன் புளிச்சோற்றைப் பகிர்ந்துகொண்ட தோழிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. "எனக்கு இல்லையா?" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அன்று மாலை அவள் வரவில்லை.

விசிறிபோல் விரியும் ஒரு பனையோலையில் அறுபதுக்கு மேற்பட்ட இதழ்கள் இருக்கும். ஓரத்துக் குறுகல்களைக் கழித்தாலும் ஒரு வகுப்புக்குப் போதும்! தமிழ்நாட்டின் மாநில மரமாக 1978-இல் அறிவிக்கப்பட்டது பனை. கோடையில் நுங்கு விற்பவரிடம் கேட்டால் ஓலை கிடைக்கும். நீங்களே மரம் ஏறவேண்டா. குருத்தோலை ஞாயிறன்று சிலுவை மடித்துப் பழகிய விரல்களுக்கு இவ்வேலை எளிது. மந்திரித்த ஓலையை மட்டும் எடுக்காதீர்கள். அது அடுத்த ஆண்டுத் திருநீற்றுப் புதனுக்கு உரியது.

ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி நிழலில் உலர்த்துக. பிறகு நீரில் சிறிது மஞ்சள்தூள் சேர்த்து அரைமணி நேரம் வேகவைத்து, மீண்டும் நிழலில் உலர்த்தி, கனத்த புத்தகங்களின் அடியில் ஒரு வாரம் வைக்கவேண்டும். வெயிலில் வைத்தால் சுருண்டு வெடிக்கும். அவசரப்பட்டு நான் பலமுறை கெடுத்திருக்கிறேன்.

காம்பஸ் முனையால் மெல்லக் கீறி எழுதுங்கள். விளக்குக்கரியில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் குழைத்துத் தடவித் துணியால் துடைத்தால், கீறிய இடத்தில் மட்டும் மை நிற்கும். முன்னோர் எழுத்தாணியால் எழுதியதும் இம்முறையிலேதான். புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பதால் பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. சாந்தி அங்கே 'சாநதி' ஆகிவிடுவாள்! உ. வே. சாமிநாதையர் (1855-1942) போன்றோர் ஏடு படிக்கப் பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் புள்ளியைச் சிறு வட்டமாகக் கீறிவிடுங்கள்.

ஓலையை ஒட்டுவதற்கான அட்டையில் மஞ்சள் நீர் பூசி உலரவிடுக. வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் ஈர்க்குச்சியைத் தோய்த்து அதன்மேல் மலையை வரைந்தால் கோடு செக்கச் சிவக்கும். ஆலத்தி நீர் சிவப்பதும் இதனால்தான். மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் நிறம் மாறும். காயக் காயச் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். மலைக்கு அது பொருத்தமே. சுண்ணாம்பு கண்ணில் படக்கூடாது. சிறு வகுப்பினர் அம்மாவின் துணையோடு செய்யட்டும். குறுக்கே வெட்டிய வெண்டைக்காயைச் சாயத்தில் தொட்டு ஒற்றினால் ஓரத்துக்குப் பூ கிடைக்கும். வெண்டையும் செம்பருத்தியும் ஒரே தாவரக் குடும்பம் அன்றோ!

நாளும் நேரமும் எழுதியபின், பெயர்களை எழுதுமுன் வகுப்பு ஆசிரியையிடம் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஓலை மிஞ்சினால் விடுதிச் சமையலறை அம்மாவுக்கும் ஒன்று எழுதலாம்.