அரும்பொருளகம் அனைவர்க்கும் உரியது



அரும்பொருளகம் என்பது யாது? முன்னோர் கையாண்ட கருவிகள், அணிந்த அணிகள், மண்ணில் புதையுண்டு கிடந்த கற்கள், எலும்புகள் முதலியவற்றைத் திரட்டிப் பேணி, பின்வருவோர் கண்டு அறியுமாறு வைத்திருக்கும் இடமே அரும்பொருளகம் ஆகும். இத்துறையில் நம் பேரா மாநிலத்திற்குத் தனிச்சிறப்பு உண்டு. தைப்பிங் நகரில் 1883-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பேரா அரும்பொருளகமே மலேசியாவில் மிகப் பழைமையானது. கோலாலம்பூரிலுள்ள தேசிய அரும்பொருளகம் திறக்கப்பெற்றது 1963-ஆம் ஆண்டில்தான். நம் தைப்பிங் அரும்பொருளகம் அதற்கு எண்பது ஆண்டுகள் மூத்தது.

‘கண்டு அறியுமாறு’ என்று மேலே எழுதினோம். கண்பார்வை இல்லாதோர் எவ்வாறு கண்டு அறிவர்? படியேற இயலாதோர் எவ்வாறு உள்ளே செல்வர்? எழுத்தறியாதோர் அங்குள்ள குறிப்புகளை எவ்வாறு படிப்பர்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களை ஓர் அரும்பொருளகத்திற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். அவர்களுள் ஒருவன் சக்கர நாற்காலியில் வருபவன். வாயிலை அடைந்த பின்னரே அங்கு ஏழு படிகள் இருப்பதைக் கண்டோம். ஆசிரியர் இருவர் அவனை நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டு சென்றனர். உள்ளே மாடிக்குச் செல்லும் படிக்கட்டு இன்னும் செங்குத்தாக இருந்தது. “நான் இங்கேயே இருக்கிறேன், சார்” என்றான் அவன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கீழ்த்தளத்திலேயே காத்திருந்தான். பேருந்தில் திரும்பும்போது பக்கத்திலிருந்த நண்பனிடம், “மேலே என்ன இருந்தது?” என்று கேட்டான். “என்னென்னவோ இருந்தது” என்றான் நண்பன். அம்மறுமொழி எங்கள் நெஞ்சை விட்டு இன்றும் அகலவில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்து அறியாதது எங்கள் குற்றமே.

அதே சுற்றுலாவில் மற்றொன்றும் நிகழ்ந்தது. மாணவி ஒருத்திக்குத் துணையாக அவளுடைய பாட்டி வந்திருந்தார். செமோர் வட்டாரத் தோட்டத்தில் நெடுங்காலம் பால்மரம் சீவியவர். “படிச்சவங்க போற இடத்துக்கு நான் எதுக்குங்க?” என்று முதலில் தயங்கியவர் அவர். அங்குக் கண்ணாடிப் பேழைக்குள் ஓர் உளியும் மங்கும் இருந்தன. அருகிலிருந்த குறிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. பாட்டியால் அதைப் படிக்க இயலவில்லை. ஆனால், உளியைக் கண்டதும் அவர் பேசத் தொடங்கினார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சென்றதையும், வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதையும், உளி ஆழமாகப் பட்டால் மரத்திற்குக் காயமாகும் என்பதையும், காண்டாவில் வாளிகளைச் சுமந்து வந்ததையும் விரித்துரைத்தார். மாணவர் அனைவரும் அவரைச் சூழ்ந்து நின்றனர். குறிப்பில் இருந்தவை இரண்டு வரிகள். பாட்டி கூறியதோ அரைமணி நேரப் பாடம். அத்தகையவர் வாராதிருந்தால் இழப்பு அவருக்கு மட்டுமா? அரும்பொருளகத்திற்கும் அன்றோ!

பேரா மனிதர் காட்டும் வழி

நம் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில் உள்ள குனோங் ருந்து குகையில், 1991-ஆம் ஆண்டில் பேராசிரியர் ஜுரைனா மஜிட் தலைமையிலான குழுவினர் ஓர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தனர். ‘பேரா மனிதர்’ எனப் பெயர் பெற்ற அவர் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவருடைய எலும்புகளை ஆராய்ந்த அறிஞர்கள் வியப்புக்குரிய செய்தி ஒன்றைக் கண்டனர். அவர் பிறவியிலேயே கையில் குறையுடையவர். விரல்களின் நடு எலும்புகள் வளர்ச்சி குன்றியிருந்தன. ஆயினும் அவர் நாற்பது அகவையைக் கடந்து வாழ்ந்திருக்கிறார். இறந்தபின் கைகால்களை மடக்கி, கற்கருவிகளையும் உணவுப் பொருள்களையும் உடன் வைத்து, மிகுந்த கவனத்தோடு அவரை அடக்கம் செய்திருக்கின்றனர். அவர் தம் மக்களிடையே மதிப்புடன் வாழ்ந்தவர் என்று அறிஞர் கருதுவர்.

எழுத்தறியாத, குகையிலே தங்கிய அம்மக்கள் உடற்குறையுடைய ஒருவரை ஒதுக்கவில்லை. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அம்மண்ணின் பெருமையைப் பேசும் நாம், அம்மக்களுக்கு இருந்த பண்பில் குறையலாமோ?

தொட்டு அறியும் கல்வி

யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோர் கதையை நாம் அனைவரும் அறிவோம். ஒருவர் தூண் என்றார், ஒருவர் முறம் என்றார், கேட்டவர் நகைத்தனர். ஆனால், சற்றே எண்ணிப் பாருங்கள். பிழை அவர்களுடையதா? ஒவ்வொருவரையும் ஓர் உறுப்பை மட்டும் தொடவிட்டு உடனே விலக்கிவிட்டனர். யானையை முழுவதும் சுற்றி வரக் காலம் கொடுத்திருந்தால் அவர்களும் யானையை அறிந்திருப்பர்.

இதனைச் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகர அரும்பொருளகத்தைச் சேர்ந்த சார்ல்டன் டீஸ் என்பார், 1913-ஆம் ஆண்டில் பார்வையற்ற பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, பாடம் செய்யப்பட்ட விலங்குகளையும் பறவைகளையும் கைகளால் தடவி அறியச் செய்தார். இத்தாலியின் அங்கோனா நகரில், பார்வையற்ற இணையரான ஆல்டோ கிராசினி, டேனியலா பொட்டெகோனி ஆகியோரின் முயற்சியால் 1993-ஆம் ஆண்டில் ஒமேரோ அரும்பொருளகம் தோன்றியது. அங்குச் சிலைகளைத் தொடுதல் குற்றமன்று, தொடுவதே முறை. புதுதில்லித் தேசிய அரும்பொருளகத்தில் 2015-ஆம் ஆண்டில் ‘அனுபவ்’ என்னும் கூடம் திறக்கப்பெற்றது. மூலப்பொருள்களுக்குக் கேடு நேராவண்ணம், தொட்டறிவதற்கென்றே செய்யப்பட்ட படிகள் அதில் வைக்கப்பெற்றன.

வேண்டுவன யாவை?

முதலாவது, சாய்தளம். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பரவலாகக் கொள்ளப்படும் அளவு. நாங்கள் கண்ட ஏழு படிகளும் ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் உயரம் எனக் கொள்வோம். மொத்த உயரம் 105 சென்டிமீட்டர். அதனைப் பன்னிரண்டால் பெருக்க 1,260 சென்டிமீட்டர், அதாவது 12.6 மீட்டர் நீளம் வேண்டும். இடையே இளைப்பாறச் சமதளமும் வேண்டும். இது சக்கர நாற்காலிக்கு மட்டுமன்று. முழங்கால் தேய்ந்த முதியோர்க்கும், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் தாய்மார்க்கும் பயன்படும்.

இரண்டாவது, பேழைகளும் குறிப்புகளும் அமர்ந்திருப்போர் கண்ணுக்கும் எட்டும் உயரத்தில் இருத்தல். மூன்றாவது, பெரிய எழுத்துகளும், ஆறு புள்ளிகளால் அமைந்த பிரெயில் எழுத்துகளும், செவிப்புலன் குன்றியோர்க்குச் சைகைமொழி விளக்கமும். நான்காவது, மக்கள் பேசும் மொழிகளில் விளக்கம். ஐந்தாவது, அப்பொருள்களோடு வாழ்ந்தவர்களையே அழைத்துப் பேசச் செய்தல்.

இவை சலுகைகள் அல்ல; உரிமைகள். மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டம், பொதுக் கட்டடங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் பண்பாட்டு வாழ்வில் பங்குபெறும் உரிமையையும் அவர்களுக்கு வழங்குகிறது. இதே நோக்கமுடைய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் நம் நாடு 2010-ஆம் ஆண்டில் ஏற்றுறுதி செய்தது.

நாம் செய்யத்தக்கவை

சட்டம் இருந்தால் மட்டும் போதாது. நாமும் கேட்க வேண்டும். சுற்றுலாவிற்கு முன் சாய்தளம் உண்டா, மின்தூக்கி உண்டா என விசாரித்தல் நம் கடமை. இல்லையெனில் வருகையாளர் ஏட்டில் பணிவுடன் எழுதி வைப்போம். ஒருவர் எழுதினால் அது குறை. நூற்றுவர் எழுதினால் அது கோரிக்கை.

நம் பள்ளியிலும் ஒரு சிறு தொடக்கம் செய்துள்ளோம். நூலகத்தின் ஒரு மூலையில் மேசை ஒன்றை இட்டு, முனை மழுக்கிய உளி, மங்கு, பால்வாளி, ஒட்டுப்பால் துண்டு, அம்மிக்கல் ஆகியவற்றை வைத்துள்ளோம். அங்கே ‘தொடாதே’ என்னும் பலகை இல்லை. சக்கர நாற்காலி அடியில் நுழையுமாறு மேசை அமைந்துள்ளது. அதன் உயரத்தை அளந்து கூறியவன், அன்று கீழ்த்தளத்தில் காத்திருந்த அம்மாணவனே.

பெற்றோர்களே, பெரியோர்களே! உங்கள் வீட்டுப் பரணில் பழைய கருவி ஏதேனும் இருப்பின், அதனைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். பொருளை மட்டும் அனுப்பாமல் நீங்களும் உடன் வந்து, அதன் கதையை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. நம் பள்ளி வாயிலின் படிகளை அளந்து, அவற்றிற்குத் தேவையான சாய்தளத்தின் நீளத்தைக் கணக்கிடுக.

2. கண்களை மூடி, மேசையிலுள்ள ஒரு பொருளைத் தடவி அறிந்து, அதனைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதுக.

3. தாத்தா அல்லது பாட்டியிடம் ஒரு கருவியின் பயனைக் கேட்டு, அதனை வர இயலாத நண்பன் ஒருவனுக்கு விளக்கிக் கூறுக. ‘என்னென்னவோ இருந்தது’ என்று மட்டும் கூறற்க.